எந்த ரைஃபிள் வாங்குவது? கலிஃபோர்னியா வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, வணக்கம். போன வருடம் மடேரா பக்கத்தில் எட்டு ஏக்கர் பாதாம் தோப்பு வாங்கினோம். கிரீன் கார்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. தரை அணில்கள் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குதறுகின்றன. கொயோட்டி வந்து கோழிகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. செமி ஆட்டோ ரைஃபிள் ஒன்று வாங்கலாம் என்று மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் ‘ஃபீச்சர்லெஸ்’ ஏஆர்-15 என்கிறார், ஒருவர் ‘ஃபிக்ஸட் மேகசின்’ என்கிறார், இன்னொருவர் மினி-14 என்கிறார். தலை சுற்றுகிறது. சட்டத்துக்கு உட்பட்டு எதை வாங்குவது? வீட்டில் 13 வயதில் ஒரு பெண், 7 வயதில் ஒரு பையன்.
— மடேரா வாசகர்

பதில்: தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அணிலுக்கு ஒரு ரூகர் 10/22. கொயோட்டிக்குச் செமி ஆட்டோதான் வேண்டும் என்றால் மர ஸ்டாக் (தோளில் பதியும் கட்டை) போட்ட ரூகர் மினி-14 ராஞ்ச். ஏஆர்-15 உங்களுக்கு வேண்டாம்.

ஏஆர் மோசமான துப்பாக்கி என்று நான் சொல்லவில்லை. நானே சுட்டிருக்கிறேன், குறி சுத்தமாக விழும், தோளில் உதையும் குறைவு. ஆனால் கலிஃபோர்னியாச் சட்டம் ஒரு ரைஃபிளின் வேகத்தையோ வலுவையோ வைத்து முடிவு செய்வதில்லை, அதன் உடம்பில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று பார்க்கிறது. இது எப்படி வந்தது என்று தெரிந்தால் கடைக்காரர்கள் பேசுவது பாதி புரிந்துவிடும்.

1989 ஜனவரி 17. ஸ்டாக்டனில் ஒரு தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஒருவன் செமி ஆட்டோ ரைஃபிளால் சுட்டு ஐந்து குழந்தைகளைக் கொன்றான். ஐவரும் கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் அகதிகளாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள். எங்கள் ஃபிரெஸ்னோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் அந்த ஊருக்கு. பிழைக்க வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய்மார்களை நினைக்காமல் என்னால் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச முடிவதில்லை. அதே வருடம் ஆளுநர் டூக்மேஜியன் ராபர்ட்டி-ரூஸ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாட்டிலேயே அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். அது துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. தயாரிப்பாளர்கள் பெயரை மாற்றி விற்றார்கள். அதனால் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பெயரோடு உறுப்புகளையும் பார்க்கும் விதி வந்தது. பிறகு, ‘புல்லட் பட்டன்’ என்ற ஏற்பாடு பரவியது: தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினை விரலால் கழற்ற முடியாது, தோட்டா முனையை நுழைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்று விழும், அதனால் ‘கழற்ற முடியாத மேகசின்’ என்று விதியிலிருந்து தப்பித்தார்கள். 2017 தொடக்கத்தில் அந்த வழியையும் அடைத்தார்கள்.

இப்போது விதி இதுதான். ரைஃபிள் செமி ஆட்டோவா, அதாவது விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா வெடித்து அடுத்தது தானாக ஏறுகிறதா? சென்டர்ஃபயரா, அதாவது ஊசி தோட்டாவின் அடியில் நட்டநடுவே குத்துகிறதா? மேகசினைச் சட்டென்று கழற்ற முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், ஆறு உறுப்புகளில் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. கீழே துருத்திக்கொண்டு நிற்கும் பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் நுழைகிற ஓட்டை வைத்த ஸ்டாக், மடங்குகிற அல்லது நீட்டிக் குறைக்கிற ஸ்டாக், முன்பக்கக் கைப்பிடி, குழல் முனையில் தீப்பிழம்பை அடக்கும் ஃபிளாஷ் சப்ரெஸர், கிரெனேடு அல்லது ஃபிளேர் லாஞ்சர். ஒன்றே ஒன்று இருந்தாலும் அது ‘அசால்ட் வெப்பன்’. மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அப்படியே. மேகசின் 10 தோட்டாவைத் தாண்டக் கூடாது.

‘ஃபீச்சர்லெஸ்’ ஏஆர் என்றால் இந்த ஆறையும் எடுத்துவிட்டு விற்பது. ஸ்டாக்கை அசையாதபடி பூட்டிவிடுவார்கள், குழல் முனையில் உதையைக் குறைக்கும் மஸில் பிரேக் போடுவார்கள், கிரிப்பின் பின்னால் மீன் செதில் மாதிரி ஒரு தகடு வைப்பார்கள். அந்தத் தகடு எதற்கு? விதிப்படி, சுடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சவ்வுப் பகுதி, வெளியே தெரியும் விசையின் மேல்முனைக்குக் கீழே இறங்க முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். கட்டைவிரல் சுற்றிக்கொண்டு போக முடியாதபடி அந்தத் தகடு தடுக்கிறது. கையில் பிடித்துப் பாருங்கள், கட்டைவிரல் போக்கிடம் இல்லாமல் மேலேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். வலித்தால் அடுத்து என்ன தோன்றும்? இதைக் கழற்றிவிட்டுச் சாதாரண கிரிப் போட்டால் என்ன என்று தோன்றும்.

என் கவலையே அதுதான். நான் வார நாளில் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், சனிக்கிழமைகளில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனோம். நம் ஊர்ப் பையன் ஒருவன் பெட்டியைத் திறந்தான். ஃபீச்சர்லெஸ்ஸாக வாங்கிய ஏஆர். ஆனால் அந்தத் தகடு வைத்த கிரிப்பைக் காணோம், சாதாரண பிஸ்டல் கிரிப் இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. “என்னப்பா இது?” என்று கேட்டேன். “அது பிடிக்கவே வரல அக்கா, ஒரு ஸ்க்ரூதானே, நானே மாத்திட்டேன்” என்றான். அவன் முகத்தில் கள்ளம் கொஞ்சமும் இல்லை. அந்த ஒரு ஸ்க்ரூவை முறுக்கியதற்குச் சட்டத்தில் பெயர், அசால்ட் வெப்பன் தயாரித்தல். நான்கு, ஆறு, எட்டு வருடம் என்று சிறைத்தண்டனை எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டியை மூடும் முன் அந்தக் கிரிப்பை அங்கேயே கழற்ற வைத்தேன். மறுநாள் காலை ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

தம்பி, உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது. அதனால் இதை இன்னொரு தடவை படியுங்கள். துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். இங்கேயே பிறந்தவருக்குச் சிறையோடு போவது, நமக்கு வீடு, தோப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். அதனால்தான் ஒரு பாகம் மாறினால் குற்றமாகிவிடும் துப்பாக்கியை நம் ஆட்களுக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சட்டத்துக்குள் இருக்கிற துப்பாக்கியை வாங்குங்கள், அதில் எதையும் மாற்றாதீர்கள்.

‘ஃபிக்ஸட் மேகசின்’ ஏஆர் பற்றியும் கேட்டீர்கள். துப்பாக்கியின் இயக்கப் பகுதியைப் பிரித்தால் ஒழிய மேகசின் கழலாது. அப்படி இருந்தால் ஆறு உறுப்புகள் பற்றிய விதி பொருந்தாது, 10 தோட்டா வரம்பும் 30 அங்குல நீளமும் மட்டும் பொருந்தும். சட்டப்படி சரி. ஆனால் தோட்டா நடுவில் சிக்கிக்கொண்டால் மேகசினைச் சட்டென்று உருவி எடுக்க முடியாது, பிரிக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் கையில், உள்ளே தோட்டா சிக்கியிருக்கும் துப்பாக்கியைத் திறக்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

சரி, மினி-14க்கு வருவோம். 1970-களிலிருந்து விற்கும் துப்பாக்கி. பார்த்தால் பழைய காலத்து வேட்டைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். ராஞ்ச் மாடலில் மர ஸ்டாக், குழல் 18.5 அங்குலம், மொத்த நீளம் சுமார் 38 அங்குலம், எடை ஏழு பவுண்டு கிட்டத்தட்ட. .223, 5.56 இரண்டு தோட்டாவும் போடலாம். கைப்பிடி ஸ்டாக்கோடு சரிந்து இறங்குகிறது, துருத்தவில்லை. மடங்குவது, நீள்வது எதுவும் இல்லை. மேகசின் நேராகச் செருகினால் போகாது. முன்முனையை முதலில் கொக்கியில் மாட்டி, பின்முனையை மேலே ஆட்டி ஏற்ற வேண்டும், ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் விட்டால் இரண்டாவது தோட்டா ஏறாது. என் வகுப்பில் எல்லோரும் முதல் நாள் இதில்தான் தடுமாறுகிறார்கள், இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டே போடுகிறார்கள். ஐந்து தோட்டா மேகசின் வாங்குங்கள். அடியில் நீட்டிக்கொண்டிராது, கொயோட்டிக்கு அதற்கு மேல் தேவையும் படாது. காலித் தோட்டாவை வெகுதூரம் வீசும், வலது பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்.

மினி-14 என்ற பெயரிலேயே டாக்டிகல் என்று இன்னொரு வகை உண்டு. அதில் ஃபிளாஷ் சப்ரெஸர் வைத்தும், மடங்கும் ஸ்டாக் வைத்தும் வெளி மாநிலங்களில் விற்கிறார்கள். பழைய துப்பாக்கி வாங்குவதென்றால் குழல் முனையைத் தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் முதன்முதலில் வாங்கப் போனபோது, விற்றவர் முனையில் இருந்ததைக் காட்டி, “அது பிரேக்தான் மேடம், கவலைப்படாதீங்க” என்ற பொருளில் ஏதோ சொன்னார். அதே பாகம் பெட்டியோடு அலமாரியில் இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஃபிளாஷ் ஹைடர், அதாவது ஃபிளாஷ் சப்ரெஸர், என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று வேறு சமாதானம் சொன்னார். அன்றைக்குக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விற்பவர் சொல்லும் பெயரை நம்பாதீர்கள், பெட்டியில் இருக்கும் பெயரைப் படியுங்கள்.

அணிலுக்கு ஏன் 10/22? அது .22 ரிம்ஃபயர், ஊசி விளிம்பில் குத்தும். மேலே சொன்ன ஆறு உறுப்பு விதி சென்டர்ஃபயருக்குத்தான், இதற்கு இல்லை. 1964-லிருந்து விற்கிறார்கள், கூடவே வருவது சுழலும் 10 தோட்டா மேகசின், உள்ளங்கையில் அடங்கிவிடும். 10-க்கு மேல் பிடிக்கும் மேகசினை இதற்கும் வாங்கக் கூடாது. உதை கிடையாது என்றே சொல்லலாம். உண்மையில் அணிலுக்குச் செமி ஆட்டோவே தேவையில்லை, ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .22 போதும். நீங்கள் அதை வாங்கினால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.

தோட்டா விஷயத்தில் ஒன்று. 2019 ஜூலை 1 முதல் இந்த மாநிலத்தில் காட்டு விலங்கு எதைச் சுட்டாலும் ஈயம் இல்லாத தோட்டாதான். ஈயம் பட்ட பிணத்தைத் தின்று கலிஃபோர்னியா காண்டார் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன, அதனால் வந்த விதி. செம்பு .22 தோட்டா விலை கூடுதல், சில துப்பாக்கிகளில் குறியும் கொஞ்சம் சிதறும். இரண்டு மூன்று வகை வாங்கி, உங்கள் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறது என்று காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டுத் தோப்புக்குப் போங்கள்.

தோப்பு என்றதும் எனக்குப் பயம் சுடும் திசையைப் பற்றித்தான். மடேரா பக்கம் தரை தட்டையாக இருக்கிறது. சின்ன .22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகும், .223 அதைவிட வெகுதூரம் போகும். பாதாம் வரிசைகளுக்கு நடுவே நின்று கிடைமட்டமாகச் சுட்டால் அது எங்கே போய் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த தோப்பில் குனிந்து வேலை செய்கிறவர் இலைக்குப் பின்னால் தெரியமாட்டார். ஒரு மேடையோ வண்டியின் பின்தட்டோ ஏறி, கீழ்நோக்கி, மண்ணுக்குள் தோட்டா புதையும்படி சுடுங்கள். மண் பின்னால் இல்லையென்றால் கொயோட்டி போனால் போகட்டும், கோழிக்கூட்டுக்கு நல்ல வலை அடியுங்கள். அடுத்தவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் அவர் அனுமதி இல்லாமல் வேட்டையாடக் கூடாது என்பது மாநில விதி. உங்கள் இடத்தில் சுடலாமா என்று கவுண்டி விதியையும் ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முறை: செமி ஆட்டோ சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஃபயர்ஆர்ம் சேஃப்டி சர்டிஃபிகேட் தேர்வு எழுத வேண்டும், 30 கேள்வி, 23 சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 25 டாலர், ஐந்து வருடம் செல்லும். கடையில் 4473 படிவம் நிரப்பும்போது நிதானமாகப் படியுங்கள். கஞ்சா இந்த மாநிலத்தில் கடையில் கிடைக்கிறது, ஆனால் அந்தப் படிவம் மத்திய அரசுடையது, அங்கே அதைப் பற்றிய கேள்வி இருக்கிறது. பொய் எழுதினால் அது தனிக் குற்றம். வேறொருவருக்காக உங்கள் பெயரில் வாங்குவதும் அப்படியே. அப்புறம் பத்து நாள் காத்திருப்பு, மணிக்கணக்கில் முழுப் பத்து நாள். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பதிந்தால் அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய் மூன்று மணிக்குத்தான் கையில் வரும். 30 நாளுக்குள் எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. 2024 ஜூலையிலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதத் தனி வரி இருக்கிறது, கடைகள் அதைப் பெரும்பாலும் நம் தலையில்தான் ஏற்றுகின்றன. 1,100 டாலர் துப்பாக்கிக்கு 121 டாலர், அதற்கு மேல் வழக்கமான விற்பனை வரி.

அந்தப் பத்து நாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பெட்டகம் வாங்கிச் சுவரோடு போல்ட் அடியுங்கள். 2026 ஜனவரி 1 முதல், நீங்கள் கையிலோ உடம்பிலோ வைத்திருக்காத நேரத்தில் வீட்டில் உள்ள துப்பாக்கி மாநிலம் ஒப்புக்கொண்ட பெட்டகத்திலோ பூட்டிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் ஏழு வயதுப் பையன் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சங்கேத எண்ணாகப் பிள்ளைகளின் பிறந்தநாளை வைக்காதீர்கள், அதுதான் அவர்கள் முதலில் அழுத்திப் பார்க்கும் எண். தோட்டாவை வேறு அறையில் வேறு பூட்டில் வையுங்கள். பெண்ணுக்கு 13 வயது என்றால் கூட வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதை மறைத்து வைப்பதைவிட, அதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிவது நல்லது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடலாமா? சொந்தமாக வாங்கலாமா?
— ஃப்ரீமாண்ட் வாசகர்

பதில்: இதை எழுதிக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் நிறையப் பேர் கேட்காமலே போய்விடுகிறார்கள். எச்-1பி, எஃப்-1, சுற்றுலா விசா எல்லாமே குடியேற்றம் அல்லாத விசாக்கள். அவற்றில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். சொந்தத் துப்பாக்கி மட்டுமல்ல, ரேஞ்சில் பத்து நிமிடம் வாடகைக்கு எடுப்பதும், நண்பருடையதை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். சில விலக்குகள் உண்டு. நம் ஆட்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கலிஃபோர்னியாவில் அதற்கு வேட்டைக் கல்வி வகுப்பு முடிக்க வேண்டும். அந்த உரிமம் கையில் வந்த பிறகு ரேஞ்சுக்குப் போங்கள், போகும்போதெல்லாம் சட்டைப்பையில் இருக்கட்டும். உரிமத்தின் காலம் முடிந்த அன்றே விலக்கும் முடிந்துவிடும், அதனால் வீட்டில் துப்பாக்கி வாங்கி வைப்பதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு என் சொந்த ஆலோசனை, கார்டு வரும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

கேள்வி: வேலை மாறி ஆஸ்டினிலிருந்து சான் ஹோசே வருகிறேன். டெக்சஸில் வாங்கிய ஏஆர்-15, 30 தோட்டா மேகசின் நான்கு இருக்கின்றன. அங்கே சட்டப்படி வாங்கியதுதானே, கொண்டுவரலாமா?
— ஆஸ்டின் வாசகர்

பதில்: கொண்டுவரக் கூடாது. அங்கே வாங்கியது சரியா தவறா என்பதை இந்த மாநிலம் பார்க்காது. எல்லையைத் தாண்டும் நொடியில் அது அசால்ட் வெப்பனை இறக்குமதி செய்த குற்றம். மேகசின்களும் அப்படியே. புறப்படுவதற்கு முன் டெக்சஸிலேயே சட்டப்படி விற்றுவிடுங்கள், அல்லது அங்கே இருக்கும் உரிமை உள்ள சொந்தக்காரர் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள். ‘சாமான் வண்டியில் அடியில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கே அனுமதிக்கப்பட்ட மற்ற துப்பாக்கிகள் ஏதாவது கொண்டுவந்தால், வந்து 60 நாளுக்குள் மாநில நீதித்துறைக்குப் புதிய குடியிருப்பாளர் அறிக்கை கொடுக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் எடிசன், நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மினி-14 பற்றி நீங்கள் வகுப்பில் சொன்னதை ஒரு உறவினர் சொன்னார். எங்களுக்கும் அது பொருந்துமா?
— எடிசன் வாசகர்

பதில்: என் பதிலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கண்டிப்பான மாநிலம் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றின் கணக்கும் வேறு. உங்கள் மாநிலத்தில் முதலில் உள்ளூர்க் காவல்துறை மூலம் துப்பாக்கி வாங்குபவர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். 2018 முதல் அங்கேயும் 10 தோட்டா வரம்புதான். பெயர் சொல்லித் தடை செய்த பட்டியல் வேறு இருக்கிறது, அதில் மாடலைத் தேடிப் பாருங்கள். பக்கத்து நியூயார்க்கில் 2022 செப்டம்பர் 4-க்குப் பிறகு செமி ஆட்டோ ரைஃபிள் வாங்க தனி உரிமம் வேண்டும், அங்கே குழல் முனையில் (பாகம் மாட்டுவதற்கான) திருகு மறை வெட்டியிருந்தாலே அது ஒரு தடை உறுப்பாகிவிடலாம். இங்கே ரைஃபிளுக்கு அது கணக்கில் இல்லை. ஒரே மினி-14 மறை வெட்டியும் வெட்டாமலும் விற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். மாடல் எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பா ராணுவத்தில் இருந்தவர், அடுத்த மாதம் ஊரிலிருந்து எங்களோடு ஆறு மாதம் தங்க வருகிறார். வேலை நாளில் நான் வீட்டில் இருப்பதில்லை. பாதுகாப்புக்காகப் பெட்டகத்தின் எண்ணை அவரிடம் கொடுத்து வைக்கலாமா? நான் வைத்திருப்பது எம்1 காரண்ட்.
— சாக்ரமென்டோ வாசகி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவருக்குத் துப்பாக்கி தெரியும் என்பது வேறு, அவர் சுற்றுலா விசாவில் இருக்கிறார் என்பது வேறு. ஃப்ரீமாண்ட் வாசகருக்குச் சொன்ன அதே மத்திய சட்டம் அவருக்கும் பொருந்தும். எண் தெரிந்து, எடுக்கும் நிலையில் இருந்தாலே அவர் கைவசம் இருப்பதாக வாதிட இடம் இருக்கிறது. வருகிற மனிதரை அந்த இக்கட்டில் நிறுத்த வேண்டாம். அவர் இருக்கும் ஆறு மாதத்துக்கு எண்ணை மாற்றிவிடுங்கள், உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவருக்கு வருத்தம் வராதபடி விஷயத்தை முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், ராணுவத்தில் இருந்தவருக்கு விதி என்றால் புரியும்.

காரண்ட் வைத்திருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம். எட்டுத் தோட்டாவை, அவற்றைக் கோத்துப் பிடிக்கும் கிளிப்போடு மேலிருந்து அழுத்துவது, ஆறு உறுப்பில் ஒன்றும் இல்லாதது, 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவம் அப்படியே இன்றும் சட்டத்துக்குள் நிற்கிறது. நீங்கள் எழுதிய கடிதத்தின் கடைசி வரியில், கிளிப் போடும்போது கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது என்று சொல்லியிருந்தீர்கள். கிளிப்பைக் கட்டைவிரலால் அழுத்தும்போது, அதே கையின் உள்ளங்கை ஓரத்தை இயக்குதண்டின் கைப்பிடியில் முட்டுக்கொடுத்துப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கிளிப் உள்ளே உட்கார்ந்ததும் கட்டைவிரலை முதலில் வெளியே எடுங்கள், அதற்கு அப்புறம்தான் உள்ளங்கையை விட வேண்டும். வெடிமருந்து இல்லாத போலிப் பயிற்சித் தோட்டாக்களை வைத்து வீட்டில் இருபது முப்பது தடவை செய்து பாருங்கள், கை தானாகப் பழகிவிடும்.